கட்டட ஆய்வாளர்: கான்கிரீட் மூடுமுன் பார்க்கும் வேலை



கவிதைக்கும் ஜோக்குக்கும் நடுவில் ஒரு சிவில் கட்டுரையா என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் படிக்கலாம். நாளைக்கு நீங்களும் ஒரு வீடு கட்டத்தானே போறீங்க!

நானும் உங்களைப் போல டிப்ளமா சிவில்தான். முடித்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தர ஆய்வு நிறுவனத்தின் சார்பில் பள்ளிக் கட்டடம், குடியிருப்பு, சமுதாயக் கூடம் என்று சைட் சைட்டாகப் போய்ப் பார்த்து, ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அடையாள அட்டையில் ‘கட்டட ஆய்வாளர்’ என்று போட்டிருக்கும். எங்க அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது, "செவுத்தைத் தட்டிப் பாக்குற வேலை."

இந்தப் பெயரில் உண்மையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, நகராட்சி, மாநகராட்சிகளில் இருக்கும் நகரமைப்பு ஆய்வாளர். அனுமதி வாங்கிய வரைபடமும் தரையில் எழும்பும் கட்டடமும் ஒன்றுதானா என்று பார்ப்பவர். பக்கத்தில் விடவேண்டிய இடம் விட்டிருக்கிறார்களா, உயரம் எவ்வளவு, மாடி எத்தனை, கார் நிறுத்த இடம் இருக்கிறதா... இவருக்கு வேதப்புத்தகம் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இன்னொன்று, பணி ஆய்வாளர் அல்லது தர ஆய்வாளர். கட்டடம் எங்கே நிற்கிறது என்பதைவிட, நிற்குமா என்று பார்ப்பவர். நான் இந்த இரண்டாவது வகை. எனக்குத் தெரிந்த இதைப் பற்றியே எழுதுகிறேன்.

வீடு கட்டும் எல்லாரிடமும் ஆய்வாளர் வருவார் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், முன்கூட்டியே வந்து பார்க்காமலேயே ஆன்லைனில் அனுமதி கிடைத்துவிடும். ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் அந்த மாதிரி வீடுகளில் கம்பியைப் பார்க்க வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் விட்டால், சைட்டில் நிற்கும் டிப்ளமாப் பையனோ பொண்ணோதான் மிச்சம். ஆகவே ஆய்வாளர் வேலைக்குப் போகாதவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் விஷயம் இருக்கிறது.

எங்கப்பா கொத்தனார். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போவேன். ஆபீசர் வருகிறார் என்றால் மேஸ்திரி சட்டையைப் போட்டுக்கொள்வார். ஆபீசர் வண்டியை விட்டு இறங்கமாட்டார். கழுத்தை மட்டும் நீட்டி, "என்ன, நல்லா நடக்குதா?" என்பார். "நடக்குதுங்க சார்." அவ்வளவுதான் ஆய்வு! அப்பா சிரித்துக்கொண்டே, "அவரு பாத்தது செவுத்த. சூட்சுமம் எல்லாம் செவுத்துக்குள்ள இருக்கு" என்பார். கல்லூரியில் மூன்று வருஷம் படித்த பிறகும் இந்த வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் கான்கிரீட் கட்டடத்தில் முக்கியமான எல்லாமே மூடப்பட்டுவிடும். அஸ்திவாரத்தை மண் மூடும். கம்பியைக் கான்கிரீட் மூடும். கான்கிரீட்டைப் பூச்சு மூடும். பூச்சைப் பெயின்ட் மூடும். திறப்பு விழாவுக்கு மந்திரி வரும்போது நாம் பார்க்க வேண்டியது ஒன்றும் வெளியே இல்லை. ஆகவே ஆய்வாளரின் உண்மையான வேலை நேரம், கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அங்கே நிற்காதவர் பிறகு எத்தனை சுத்தியல் வைத்துத் தட்டினாலும் பாதி யூகம்தான்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்ப்பது? முதலில் கம்பி. நம் பாடத்திலேயே இருக்கிறது: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. என்றால் 395 கிராம், 10 மி.மீ. 617 கிராம், 12 மி.மீ. 888 கிராம். இதைப் பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிறோம். சைட்டில் ஒரு மீட்டர் துண்டு வெட்டிப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு ஐ.எஸ். 1786 இடம் கொடுக்கிறது. 10 மி.மீ. கம்பி என்று வந்தது 540 கிராம்தான் இருக்கிறது என்றால், அது பில்லில் மட்டும் 10 மி.மீ. நான் இப்படி எடை போடுவதைப் பார்த்த ஒரு அண்ணாச்சி, "கம்பிக்கு எல்லாமா தராசு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதம் தன் வீட்டுக்கு வந்த கம்பியைத் தானே எடை போட்டார்!

அடுத்து ரிங். தூண் ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்ளே மடங்கி இருக்க வேண்டும். வேலை சுலபம் என்று 90 டிகிரியில் விட்டுவிடுவார்கள். நிலநடுக்கம் மாதிரி ஆட்டம் வந்தால் அந்த ரிங் வாயைத் திறந்துவிடும். பிறகு கவர். ஸ்லாபுக்கு ‘மைல்ட்’ சூழலில் 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்பது ஐ.எஸ். 456-ன் குறைந்தபட்சக் கணக்கு. கவர் பிளாக் வாங்கிப் போடாமல் ஜல்லித் துண்டைக் கம்பிக்கடியில் சொருகுவது நம்ம ஊர் வழக்கம். வைப்ரேட்டர் போட்டதும் ஜல்லி உருண்டு ஓடிவிடும், கம்பி பலகையில் படுத்துக்கொள்ளும். பத்து வருஷம் கழித்து சீலிங்கில் துருக்கோடு தெரிவதும், பெயர்ந்து விழுவதும் அதனால்தான். கடலோர ஊர்களில் பத்து வருஷம்கூட வேண்டாம்.

இப்போது ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடி வகுப்பறைகளுக்கு முன்னால் தூண் இல்லாமல் நீட்டிய வராண்டா. இன்டர்வெல் மணி அடித்தால் பிள்ளைகள் எல்லாரும் கைப்பிடிச் சுவரோரம் வந்து கும்பலாக நிற்கும் இடம். இந்த மாதிரி நீட்டல் ஸ்லாபில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கேன்டிலீவர் வளையும்போது இழுவிசை மேல்பக்கம் என்று படித்திருக்கிறோம். ஸ்லாபின் கனம் 150 மி.மீ., கவர் 20, கம்பி 10. அப்படியென்றால் பலகையிலிருந்து கம்பியின் மையம் 125 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

முந்தின நாள் எங்கள் மூத்த இன்ஜினியர் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் காலை ஊற்றும்போது நிற்க நான் போனேன். வாசலில் ரெடிமிக்ஸ் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. மேலே ஏறிப் பார்த்தால், காலையில் எலெக்ட்ரிக் பைப் போட வந்தவர்கள் நடந்த நடையில் வராண்டாக் கம்பி முழுக்க அமுங்கிக் கிடக்கிறது.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல். "பாப்பா, எல்லாம் நேத்தே பெரிய சார் பாத்துட்டுப் போயிட்டாரு" என்றார்.

"நேத்துப் பாத்தது நேத்துச் சரிண்ணே. ராத்திரி சரியாத்தான் இருந்திருக்கும். இப்ப பாருங்க."

கான்ட்ராக்டர் கீழிருந்து சத்தம் போட்டார். "ஏம்மா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டலைன்னா கலவை வேஸ்ட்டு. அந்தக் காசை உங்க கம்பெனி தருமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லாரிக் கலவைக்கு ஐ.எஸ். 4926 சொல்லும் பொதுவான நேரமும் அந்த இரண்டு மணிதான். ஆகவே நான் ‘நிறுத்துங்க’ என்று மொத்தமாகச் சொல்லவில்லை. டேப்பை மேஸ்திரி கையில் கொடுத்து, "நீங்களே அளந்து சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் குனிந்து பலகையிலிருந்து கம்பிக்கு அளந்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. "எட்டரை சென்டிதான் இருக்கு" என்றார். 125 இருக்க வேண்டிய இடத்தில் 85. பலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கம்பி அதே கம்பி, சிமெண்ட் அதே சிமெண்ட், செலவும் அதே செலவு!

"வகுப்பறைப் பக்கம் சரியா இருக்கு. அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க. வராண்டாவும், அதுக்கு உள்பக்கம் கம்பி நீளுற இடமும் நிக்கட்டும். சேர் கம்பி வெச்சுத் தூக்கினப்புறம் இங்க வரலாம்" என்றேன். மேஸ்திரியே கம்பி கட்டும் பையன்களை விரட்டினார். ஐம்பது நிமிஷத்தில் சேர் வைத்துக் கட்டி, நடக்கப் பலகை போட்டு முடித்துவிட்டார்கள். லாரியில் ஒரு சட்டி கலவைகூட வீணாகவில்லை. கான்ட்ராக்டர் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. டீ மட்டும் வந்தது.

இதை எழுதக் காரணம், ஆய்வாளர் வேலையில் முதல் வருஷம் எல்லாருக்கும் வரும் பயம் இதுதான். வயதில் அப்பா மாதிரி இருப்பவரிடம், அனுபவத்தில் நம்மைவிடப் பத்து மடங்கு பெரியவரிடம், ‘இது தப்பு’ என்று எப்படிச் சொல்வது? என் அனுபவத்தில், தப்பு என்று நாம் சொல்லக் கூடாது, டேப் சொல்ல வேண்டும். எது சரியாக இருக்கிறதோ அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘எல்லாத்தையும் நிறுத்து’ என்று கத்துகிற ஆய்வாளரை ஏமாற்ற சைட்டில் பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள். இந்த இடம், இத்தனை மி.மீ., இதைச் செய்தால் போதும் என்கிறவருக்கு மேஸ்திரியே துணைக்கு வருவார். சொன்னதை அன்றைக்கே சைட் ஆர்டர் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எம்-புக்கில் அளவு தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம். ரப்பருக்கும் வெள்ளை மைக்கும் அங்கே வேலை இல்லை.

ஊற்ற ஆரம்பித்ததும் கண் தண்ணீர் மேல் இருக்கட்டும். கலவை கெட்டியாக இருக்கிறது, இழுக்க முடியவில்லை என்று ஒரு குடம் தண்ணீர் சேர்ப்பது ரொம்ப சகஜம். சைட்டில் கலக்கும் எம்-20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது ஐ.எஸ். 456. 25 லிட்டரில் நன்றாகக் கலந்த கலவையில் 10 லிட்டர் வாளி ஒன்று கூடினால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5-லிருந்து 0.7 ஆகிவிடும். இழுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும். பலம் மோர் மாதிரி இருக்கும்.

கியூப் எடுப்பதில் நடக்கும் தமாஷைத் தனியாகவே எழுதலாம். 150 மி.மீ. கன அச்சில் மூன்று கியூப், 28 நாள் கழித்து உடைத்துப் பார்ப்பது. சில இடங்களில் கியூபுக்கு மட்டும் தனியாக, சிமெண்டை அள்ளிப் போட்டு ஒரு ‘ஸ்பெஷல்’ கலவை தயாராகும்! கியூப் அமோகமாகப் பாஸ் ஆகும். அந்தக் கியூபில் யாரும் குடியிருக்கப் போவதில்லையே. ஆகவே ஸ்லாபுக்குப் போகும் அதே கலவையிலிருந்து நாமே நின்று எடுத்து, ஈரத்திலேயே தேதியைக் கீறிவிட வேண்டும்.

முட்டுப் பிரிப்பதும் அப்படித்தான். சாதாரண சிமெண்டில், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14, அதற்கு மேல் 21. இப்போது பரவலாக வரும் பி.பி.சி. சிமெண்டுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்ற அவசரத்தில் நாள் கணக்கு சுருங்கும். முட்டில் சாக்பீஸால் ஊற்றிய தேதியையும் பிரிக்கும் தேதியையும் எழுதிவைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: 2014 ஜூன் 28, சனிக்கிழமை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலத்தில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் அதே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டடம் விழுந்தால் முதலில் சாவது அதைக் கட்டுகிறவர்கள். கொத்தனார் வீட்டுப் பெண்ணாக எனக்கு இது செய்தித்தாள் விஷயமாகத் தெரியவில்லை.

இனி, எல்லாரும் ரகசியமாகக் கேட்கும் கேள்வி. சைட்டில் இரண்டு வகைக் கவர் உண்டு. ஒன்று கம்பிக்கு, இன்னொன்று ஆய்வாளருக்கு! இரண்டாவது பெரும்பாலும் பணமாக ஆரம்பிக்காது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், வண்டிக்குப் பெட்ரோல், மதியம் பிரியாணி என்று ஆரம்பிக்கும். பிரியாணி சாப்பிட்ட கையால் ‘சரியில்லை’ என்று எழுதுவது கஷ்டம், அதுதான் அதன் சூட்சுமம். நான் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு போகிறேன். சித்தாள் அக்காக்களோடு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டால் சைட்டில் ராத்திரி என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிடும். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு 1988-ஆம் வருஷ ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் வாங்கினால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. கட்டாயப்படுத்தப்பட்டு 7 நாளுக்குள் புகார் செய்தால் தவிர, கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

இந்த வேலைக்கு எங்கே பயிற்சி? நம் லேபில்தான். ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எப்படி வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருஷ நோட்டிலிருந்து இந்த வருஷ நோட்டுக்கு வருகிறது! சர்வே லேபில் ஸ்டாஃப் பிடிக்க ஒருவன், எழுத ஒருவன், மீதிப் பேர் மர நிழலில். விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங் அடிக்கும் பழக்கம் விரலில் ஏறிவிட்டால், சைட்டில் கியூப் ரிசல்ட் எழுதும்போதும் அந்த விரல்தானே எழுதும்? இந்த செமஸ்டரில் ஒரே ஒரு சோதனையை, ஸ்லம்ப் சோதனையையாவது, கையில் கலவை ஒட்ட முழுசாகச் செய்து, வந்த அளவை வந்தபடி எழுதிப் பாருங்கள். பக்கத்து பேட்ச் அளவோடு ஒத்துப்போகாமல் இருந்தால்கூட அப்படியே எழுதுங்கள்.

வேலைக்கான வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசல்ட் வந்ததும் ஒரு வருஷ அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் வருஷச் சட்டப்படி நடப்பது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவெல்லாம் ஆன்லைனில்தான். பயிற்சிப் பணத்தில் மெஸ் பில் கட்டினால் மீதி பஸ்ஸுக்குத்தான் வரும். ஆனாலும் சைட்டை நம் செலவில்லாமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. மத்திய அரசு வேலை என்றால் பணியாளர் தேர்வு ஆணையத்தின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு. டிப்ளமா போதும். முதல் தாள் 200 மார்க், அதில் பாதி சிவில். இரண்டாம் தாள் 300, முழுக்க சிவில். ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் அடிப்படைச் சம்பளம் 35,400-ல் ஆரம்பிக்கும் பதவி. மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வில் டிப்ளமாவுக்கென்று தனித் தேர்வே இருக்கிறது. நகராட்சிப் பணி ஆய்வாளர், நகரமைப்பு ஆய்வாளர் அறிவிப்புகள் எப்போதாவதுதான் வரும், கண்ணை விடாமல் பாருங்கள். தனியாரில் ரெடிமிக்ஸ் பிளான்ட், சோதனைக்கூடம், என்னுடையது போன்ற ஆய்வு நிறுவனங்கள். இதில் சோதனைக்கூடத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு சைட்டுக்கு வருபவர்களிடம் கதை விடுவது கஷ்டம். உடைந்த கியூபின் முகத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடுவார்கள்.

தோழியருக்கு மட்டும் இரண்டு வார்த்தை. ‘சைட் வேலை பொண்ணுங்களுக்குச் சரிப்படாது, டிராயிங் போடு’ என்று உங்களிடமும் சொல்வார்கள். சாரம் ஏறத் தெரியுமா என்பது ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும் பிரச்சினை. தலையில் சட்டியோடு சித்தாள் அக்காக்கள் தினமும் ஏறுகிறார்கள், அதை யாரும் சரிப்படாது என்று சொல்வதில்லை. கழிப்பறைதான் உண்மையான பிரச்சினை. நான் எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் அறிக்கையின் முதல் வரியில், பெண் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா இல்லையா என்று எழுதிவிடுகிறேன். மூன்று சைட்டில் அப்படி எழுதிய பிறகு தகரக் கொட்டகை போட்டார்கள். அப்புறம் பாதுகாப்பு ஷூ. சைட்டில் கொடுப்பது எல்லாம் ஒன்பது, பத்து சைஸ்தான் இருக்கும். பெரிய ஷூவோடு சாரத்தில் ஏறுவது ஆபத்து. முதல் மாதச் சம்பளத்தில் உங்கள் காலுக்குச் சரியானதாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே 5 மீட்டர் டேப் ஒன்றும்.